ஆடி மாதத்து ராஜினாமாக்கள்

ஆடி பாதி தாண்டினால் என் மேஜையில் ராஜினாமாக் கடிதங்கள் சேரத் தொடங்கும். மார்கழியிலும் அப்படித்தான். ஆவணியிலும் தையிலும் முகூர்த்தம் என்றால் அதற்கு முந்தைய மாதமே கடிதம் வந்துவிட வேண்டும். எல்லாவற்றிலும் ஒரே வாசகம். "எனக்குத் திருமணம் நிச்சயிக்கப்பட்டுள்ளதால் வேலையில் தொடர இயலவில்லை. எனக்குச் சேர வேண்டிய பிஎஃப் தொகையைப் பெற்றுத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." எப்போதோ யாரோ ஒருத்தி எழுதியதைப் பார்த்து அடுத்தவள், அவளைப் பார்த்து இன்னொருத்தி. போன வருடம் ஒரு கடிதத்தில் எழுதியவளின் பெயருக்குக் கீழே வேறொரு பெண்ணின் அப்பா பெயர் இருந்தது. கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் டைம் ஆபீஸில் இருக்கிறேன். வருகைப் பதிவு, லீவு, சம்பளப் பட்டியல், பிஎஃப் என்கிற வருங்கால வைப்பு நிதி, இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீடு எல்லாம் எங்கள் தலையில். வீடு குடியாத்தம். 2019-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது, குடியாத்தம் வேலூரிலேயே நின்றுவிட்டது. ஆக, நான் தினமும் மாவட்டம் தாண்டி வேலைக்குப் போகிற ஆள். என் அம்மா 1989-ல் வடாற்காட்டைப் பிரித்ததையே இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, இதையா ஒப்புக்கொள்ளப் போகிறார்.

மகளிர் தினம் வந்தால் போதும், வேலையா குடும்பமா, இரண்டையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று பத்திரிகைகள் கேட்கும். எங்கள் ஊரில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. வேலை செய்யாத பெண் யார் இருக்கிறாள்? அம்மா பீடி சுற்றினார். மடியில் முறம், முறத்தில் தூளும் வெட்டிய இலையும், பக்கத்தில் நூல்கண்டு. நாங்கள் பாடம் ஒப்பிப்பதைக் காது கேட்கும், கை தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆயா தீப்பெட்டி ஒட்டினார். பக்கத்துத் தெருவில் லுங்கித் தறி. வேலூருக்குப் போனால் சிஎம்சி மருத்துவக் கல்லூரி. ஐடா ஸ்கடர் 1918-ல் பெண்களுக்காக மட்டும் தொடங்கிய மருத்துவப் பள்ளி அது. ஆண்களைச் சேர்த்துக்கொண்டது 1947-ல்தான். நர்ஸிங்கில் இந்தியாவின் முதல் பட்டப் படிப்புகளில் ஒன்றை 1946-ல் தொடங்கியதும் அங்கேதான். ஆகவே நர்ஸ் வேலைக்குப் போகும் பெண்ணை இந்தப் பக்கத்தில் யாரும் அதிசயமாகப் பார்த்ததில்லை.

எங்கள் ஊரில் கேட்கப்படுகிற கேள்வி வேறு: "பொண்ணு எந்த வேலையில இருக்குது?"

பெண் பார்க்க வருகிறவர்கள் பேசுவதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால் தெரியும். குரூப் 4 எழுதித் தாலுகா ஆபீஸில் இளநிலை உதவியாளர் ஆகிவிட்டாளா, வேலையை விடச் சொல்லி ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். டிரான்ஸ்பர் கிடைக்குமா என்று மட்டும் விசாரிப்பார்கள். நர்ஸ் என்றால் நைட் ஷிஃப்ட் உண்டா, வெளிநாடு போகிற யோசனை இருக்கிறதா. சென்னையிலோ பெங்களூரிலோ ஐடி என்றால் மாப்பிள்ளை எந்த ஊரில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து முடிவாகும். ஷூ கம்பெனி என்றால் ஒன்றுமே கேட்க மாட்டார்கள். விட்டுவிடுவாள் என்பது பேசாமலே முடிவான விஷயம். தட்டு மாற்றும்போது சொல்லக்கூட வேண்டியதில்லை. ஒரே தெருவில் ஒரே பள்ளியில் படித்த மூன்று பெண்களுக்கு மூன்று விதமான கல்யாணப் பேச்சு நடப்பதைப் பார்த்திருக்கிறேன். பெண்ணின் ஆசை அந்தப் பேச்சில் எங்கேயும் வராது. டைப்ரைட்டிங் ஹையர் முடித்த பெண்கள் இருபத்தெட்டு வயதுவரை குரூப் 4 எழுதிக்கொண்டே இருப்பதற்குச் சம்பளம் மட்டும் காரணம் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகும் கையை விட்டுப் போகாத வேலை அது ஒன்றுதான் என்று அவர்களுக்குத் தெரியும்.

சரி, ராஜினாமாவுக்கு வருகிறேன்.

வேலையை விட்டுப் போகிறவள் போய்விடுவதில்லை, அதுதான் விஷயம். ஏழெட்டு வருடத்தில் திரும்பி வந்துவிடுகிறாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், வாடகையோ குழுக் கடனோ கழுத்தை நெரிக்கும்போதும் வருகிறாள். சில சமயம் அவளுக்கு வீட்டில் இருந்து சலித்துப்போயிருக்கும், அதைச் சொல்லக் கூச்சப்பட்டு வீட்டுக் கஷ்டம் என்பாள். வருகிறவளுக்குப் புது டோக்கன் நம்பர், புது ஆள் சம்பளம். ஷூவின் மேல்பகுதியைத் தைக்கிற அப்பர் ஸ்டிச்சிங்கில் ஏழு வருடம் உட்கார்ந்தவள். மிஷினில் உட்கார்ந்த அரை மணி நேரத்தில் கை பழைய வேகத்துக்கு வந்துவிடும், சம்பளம் வராது. அவள் ஹெல்ப்பராக இருந்தபோது, தோலின் ஓரத்தைச் சீவுகிற ஸ்கைவிங் வேலை பழகிய பையன் இப்போது அவளுக்கு சூப்பர்வைசர். அவன் நல்ல பையன்தான், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் நடுவில் எங்கேயும் போகவில்லை, அவ்வளவுதான்.

இந்த இடைவெளியில் சம்பளத்தைவிடப் பெரிதாகத் தொலைவது பிஎஃப்-இல் இருக்கிற பென்ஷன். இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

கணக்கு சுலபமாக இருக்க, பிஎஃப் பிடிக்கிற சம்பளம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நம்மிடம் 12 சதவீதம், 1,200 ரூபாய் பிடிக்கிறார்கள். கம்பெனியும் அதே 1,200 போடுகிறது. ஆனால் கம்பெனி போடுகிற பணம் முழுதாக நம் பிஎஃப் கணக்கில் விழுவதில்லை. அதில் 8.33 சதவீதம், அதாவது 833 ரூபாய், பென்ஷன் திட்டத்துக்குப் போகிறது. மீதி 367 ரூபாய்தான் பிஎஃப். ஆக ஒரு பெண்ணுக்கு இரண்டு பை இருக்கிறது. ஒன்று சேமிப்பு, அதற்கு வட்டி உண்டு. இன்னொன்று பென்ஷன், அது சர்வீஸ் வருடத்தை வைத்து வருவது.

பத்து வருடம் சர்வீஸ் இருந்தால்தான் 58 வயதில் மாதப் பென்ஷன். பத்துக்குக் குறைவாக இருக்கும்போது வேலையை விட்டால் பென்ஷன் பையையும் பணமாக எடுத்துக்கொள்ளலாம். எடுத்துவிட்டால் அந்த வருடங்கள் அழிந்துபோகும். எடுக்காமல் "ஸ்கீம் சர்டிஃபிகேட்" கேட்டு வாங்கினால் வருடங்கள் அப்படியே நிற்கும். பிறகு எந்தக் கம்பெனியில் சேர்ந்தாலும் அங்கிருந்து கூட்டிக்கொள்ளலாம். இரண்டுக்கும் ஒரே படிவம்தான், 10சி. அதில் எதற்கு டிக் அடிக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஃபோட்டோ எடுத்து நெட் சென்டரில் கொடுத்தால், அந்தத் தம்பி கேட்காமலே பணத்துக்கு டிக் அடித்துவிடுவான். எல்லாரும் அதைத்தானே கேட்கிறார்கள்.

கல்யாணத்துக்கு முன் ஏழு வருடம், குழந்தைகள் வளர்ந்த பிறகு ஏழு வருடம் வேலை செய்த பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே இது சாதாரணக் கணக்கு. முதல் ஏழு வருடத்தைப் பணமாக எடுத்திருந்தால் பின் ஏழு வருடம் தனியாக நிற்கும். பத்து இல்லை, பென்ஷனும் இல்லை. சர்டிஃபிகேட் வாங்கியிருந்தால் பதினான்கு. சம்பளத்தை வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும்: 10,000 பெருக்கல் 14, வகுத்தல் 70. மாதம் 2,000 ரூபாய், 58 வயதிலிருந்து சாகிற வரைக்கும்.

இந்தக் கணக்கை நான் சொன்னால் எதிர்க் கணக்கு உடனே வரும். "மேடம், அந்த ஏழு வருசத்துப் பென்ஷன் காசு எழுபத்தஞ்சாயிரம் வருது. அதுல நகை வாங்கிப் போட்டா அம்பத்தெட்டு வயசுல இன்னா வெலையா இருக்கும், நீங்களே சொல்லுங்க." தப்பாகச் சொல்லவில்லை. தங்கம் ஏறியிருக்கிற ஏற்றத்தைப் பார்த்தால் மாதம் 2,000 ரூபாய் அத்தனை பெரிய விஷயமா என்றுதான் தோன்றும். நானும் பலமுறை பேனா வைத்துப் போட்டுப் பார்த்திருக்கிறேன். காகிதத்தில் தங்கம்தான் ஜெயிக்கிறது.

ஆனால் அந்தத் தங்கம் 58 வயதுவரை யார் கழுத்தில் இருந்தது? எனக்குத் தெரிந்து ஷூ கம்பெனிப் பணத்தில் வாங்கிய செயின்களில் பாதிக்கு மேல் முதல் இரண்டு வருடத்துக்குள் அடகுக் கடைக்குப் போனவை. மாமனார் ஆபரேஷன், மச்சினன் பைக், போர்வெல் போடுவது, நாத்தனார் சீமந்தம். நியாயமான செலவுகள்தான், கெட்ட மனிதர்களும் இல்லை. வீட்டில் எங்கே பணம் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், கேட்டால் மறுக்க முடியாது. பென்ஷன் வருடங்களை யாராலும் அடகு வைக்க முடியாது. ஒருத்தருக்கும் தெரியக்கூடத் தெரியாது. அதனால்தான் அந்த 2,000 ரூபாய்மேல் எனக்கு இத்தனை பிடிவாதம். சீர்செனத்திக்குக் கட்டாயம் பணம் வேண்டும் என்றால் சேமிப்புப் பையை மட்டும் எடு, பென்ஷனைத் தொடாதே என்கிறேன். கல்யாணச் செலவுக்கென்று, வேலையை விடாமலே சேமிப்பில் ஒரு பகுதி எடுக்க வழி இருக்கிறது என்பதும் நிறையப் பேருக்குத் தெரியவில்லை. விட்டால்தான் வரும் என்று நினைத்து விடுகிறார்கள். விதிகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள், ஆகவே எதையும் போடுவதற்கு முன் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

இதில் இன்னொரு தலைவலி இனிஷியல். கல்யாணத்துக்கு முன் அப்பாவின் எழுத்து, கல்யாணம் ஆனதும் புருஷனின் எழுத்து. ரேஷன் கார்டு மாறும், ஆதாரில் மாற்றிக்கொள்வார்கள், பேங்க் பாஸ்புக் அதில் ஒன்று இதில் ஒன்று. 2014-ல் யுஏஎன் என்று ஆளுக்கொரு எண் கொடுத்தது நல்ல காரியம். அதற்கு முன் கம்பெனிக்குக் கம்பெனி ஒரு நம்பர், எது எங்கே என்று தேடியே ஆயுள் போகும். ஆனால் எண் ஒன்றாக இருந்தாலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டுமே. "மு" போட்டுச் சேர்ந்தவள் "ச" போட்டுக் கேட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். அதோடு வீட்டில் செல்வி, பள்ளியில் தமிழ்ச்செல்வி, கம்பெனியில் சேரும்போது எழுதியவன் அவசரத்தில் போட்டது செல்வமணி. திருத்துவதற்கு ஒரு கூட்டு உறுதிமொழிப் படிவம், அதற்கு ஒரு சான்று. நான் என் இனிஷியலை மாற்றவில்லை. பெண்ணுரிமைக்காக என்று நினைத்துவிடாதீர்கள். எத்தனை படிவம் திருத்த வேண்டியிருக்கும் என்று வேலையில் பார்த்துப் பயந்துதான். என் கணவர் கேட்டபோது அந்தப் படிவங்களின் பட்டியலைச் சொன்னேன், அப்புறம் கேட்கவில்லை.

குழந்தை விஷயத்தில் சட்டம் ஒன்றும் குறை வைக்கவில்லை. 2017 முதல் 26 வாரம் பிரசவ லீவு. இஎஸ்ஐ-யில் இருப்பவளுக்கு அந்த 26 வாரச் சம்பளம் இஎஸ்ஐ-யிலிருந்தே அவள் கணக்குக்கு வரும். கம்பெனி போடுகிற தர்மம் என்று யாரும் நினைக்க வேண்டாம், மாதாமாதம் நம் சம்பளத்தில் 0.75 சதவீதம் போகிறதே, அதற்குத்தான். இருந்தும் ஐந்தாம் மாதம் வந்து ராஜினாமா நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். லீவு என்று ஒரு கடிதம் எழுதினால் போதும் என்று சொன்னால், "திரும்பி வருவேனானு தெரியலயேக்கா, பொய் சொல்லி எப்படி லீவு வாங்கறது" என்பார்கள். இந்த நேர்மைக்கு நான் என்ன பதில் சொல்ல?

குழந்தைகள் காப்பகம் என்று ஒரு அறை, பெண்கள் அதிகம் இருக்கிற தொழிற்சாலைகளில் இருக்கும். ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் வைக்க வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டத்தில் எழுதினார்கள், 1976-ல் அதை முப்பதாகக் குறைத்தார்கள். நான் முன்பு இருந்த இடத்தில் அந்த அறையில் தொட்டில் இருந்தது, பொம்மை இருந்தது, சுவரில் யானைப் படம். குழந்தை இருக்காது. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஏன் என்று கேட்டார். அவருக்கு நிர்வாகம் வேறு ஏதோ பதில் சொல்லியது. உண்மையான காரணம் பஸ். பேர்ணாம்பட்டுக்கு அந்தப் பக்கம் கிராமத்தில் காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவள், நிற்க இடமில்லாத பஸ்ஸில் எட்டு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் வருவாளா? ஊரில் அங்கன்வாடி திறப்பதற்குள் பஸ் போயிருக்கும். அதில் சேர்க்க இரண்டு வயதாவது ஆக வேண்டும். ஆகவே வேலைக்கு வரும் இளம் தாய்மார்கள் எல்லாரும், வீட்டில் ஒரு ஆயாவோ அத்தையோ திடமாக இருக்கிறவர்கள். கிழவிக்கு மூட்டு வலி வந்தால் இங்கே ஒரு மிஷின் காலி. சூப்பர்வைசரின் டார்கெட் கணக்கில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. டைம் ஆபீஸ் ரெஜிஸ்டரில் மட்டும் தெரியும்.

என் கதையும் அதேதான். காட்பாடியில் பி.காம் படித்துவிட்டு வந்து சேர்ந்தேன். கே.வி.குப்பம், லத்தேரி வழியாகப் போகிற பஸ்ஸில் படித்த படிப்பு அது, கல்லூரியைவிட பஸ் ஞாபகம்தான் அதிகம். கணவருக்கு ஓசூரில் ஆட்டோ பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலை. சனிக்கிழமை ராத்திரி வருவார், திங்கள் விடிவதற்குள் கிளம்பிவிடுவார். ஓசூரில் எனக்கு வேலை கிடைக்காதா என்றால் கிடைக்கும், சம்பளம்கூடக் கூடுதலாகக் கிடைக்கலாம். போகவில்லை. ஆரம்பத்தில் உறவில் ஒருத்தர் விடாமல் கேட்டார்கள், புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதாவது மனஸ்தாபமா என்று. மகளை வைத்துக்கொண்டு போய் அங்கே யார் பார்ப்பார்கள் என்று நான் ஒரு பதில் வைத்திருந்தேன், ஊருக்கு அது போதுமாக இருந்தது. உள்ளே இருந்த காரணம் வேறு. எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. எந்தப் பெண்ணுக்கு எத்தனை வருடம், எந்த ஊர் பஸ், யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்று தெரிந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது பிடித்திருக்கிறது. பிடித்திருக்கிறது என்று ஒரு பெண் காரணம் சொன்னால் யார் ஏற்றுக்கொள்கிறார்கள்? அதனால் மகள் மேல் பழியைப் போட்டேன். என் மாமியாரோ இதையெல்லாம் யோசிக்கவே இல்லை. "நீங்கள்லாம் ஓசூர் போய்ட்டா நான் இன்னா பண்றது, டிவி பாத்துகினு உக்காந்திருக்கணுமா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

போன ஆடியில் ஸ்டிச்சிங்கிலிருந்து ஒரு பெண் கடிதம் கொண்டுவந்தாள். ஆவணி முகூர்த்தம். சர்வீஸைப் பார்த்தேன்: 9 வருடம் 4 மாதம். பென்ஷன் கணக்கில் ஆறு மாதமும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு முழு வருடமாக எடுத்துக்கொள்வார்கள். ஆக இன்னும் இரண்டே மாதம். உட்கார வைத்துச் சொன்னேன். சம்பளமில்லாத லீவு போட்டால் ஆகாது, வந்து வேலை செய்ய வேண்டும் என்றும் சொன்னேன். ஒன்றும் பேசாமல் போனாள். மறுநாள் மதியம் எனக்கு ஒரு போன். மாப்பிள்ளை. "மேடம், ரெண்டு மாசம்தானே, இருக்கட்டும். எங்கம்மாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். பேசினாரோ என்னவோ, அடுத்த வாரம் அம்மாவே போன் செய்தார். கல்யாணம் ஆன பெண்ணைக் கம்பெனி பஸ்ஸில் அனுப்பினால் ஊர் என்ன பேசும் என்று ஆரம்பித்து நன்றாகவே திட்டினார். கேட்டுக்கொண்டேன். கடைசியில் ஒரு ஏற்பாடு ஆனது: கல்யாணம் ஆவணியில், வேலை இன்னும் இரண்டு மாதம், வார நாளில் பெண் அம்மா வீட்டிலிருந்து வந்துபோவாள். புது மஞ்சள் கயிறோடு மிஷினில் உட்கார்ந்தவளைப் பார்த்து லைனே கேலி செய்தது. ஐப்பசியில் விட்டாள்.

தீபாவளி கழிந்து அந்த மாமியாரிடமிருந்து மறுபடி போன். இந்தத் தடவை குரலில் சூடு இல்லை. தானும் கல்யாணத்துக்கு முன் பேர்ணாம்பட்டில் ஒரு ஷூ கம்பெனியில் இருந்ததாகச் சொன்னார். "பணம் எடுத்தாங்களா இல்லியானுகூட எனக்குத் தெரியாதும்மா. எங்கப்பாதான் பேப்பர் கொண்டாந்து கையெழுத்து வாங்கினாரு. எதுனா மிச்சம் இருக்குமா?" கம்பெனி பெயர் கேட்டேன். மூடிப் பல வருடம் ஆன இடம். பிஎஃப் சீட்டு ஏதாவது இருக்கிறதா என்றேன். இல்லை, டோக்கன் நம்பர் மட்டும் ஞாபகம் இருக்கிறது என்று தயங்காமல் சொன்னார். அதை மட்டும் வைத்துத் தேடிவிட முடியாது என்று சொன்னேன். சேர்ந்த வருடம், அப்போதிருந்த இனிஷியல், கூட வேலை செய்த யாரிடமாவது பழைய சீட்டு இருந்தால் அதன் நம்பர், இதையெல்லாம் விசாரித்து வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை மருமகளோடு வீட்டுக்கு வாருங்கள் என்றேன். சரி என்றார். அப்புறம், மருமகளை தை மாதத்துக்குப் பிறகு வேறு எங்கேயாவது சேர்க்கலாமா, அவர்கள் ஊர்ப் பக்கம் பஸ் வருகிற கம்பெனி எது என்று விசாரிக்க ஆரம்பித்தார்.